மஞ்சள் மேற்சட்டை போட்ட ஆய்வு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. நாத்தனாரைப் புகழ்ந்து கதை எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. என்ன செய்ய, அப்படியொரு காரியம் செய்துவிட்டாள்!

'மேகம் தவழும் மலையுச்சியில்...' (அடித்துவிட்டேன். மலையேறும் கூட்டத்தில் மேகம் எங்கே தெரிகிறது? முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும்.)

2

மலையேறும் பாதைகளில் நெரிசலை ஆராய்வது அவள் வேலை. அவளுக்கு ஒதுக்கிய பாதையில் ஒரு குறுகிய வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அங்கே வேலி வேண்டுமா, கூட்டத்தைக் குறைக்க வேண்டுமா என்று அவள் அறிக்கைதான் சொல்ல வேண்டும். அலுவலகம் கொடுத்த மஞ்சள் மேற்சட்டையோடு விடுமுறைக்காலம் முழுக்க நின்று பார்த்தாள். ஜனங்கள் தங்கம்! வழிவிட்டு வரிசையாகப் போனார்கள். 'ஆபத்தில்லை' என்று அறிக்கையும் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் அதே வளைவுக்குச் சும்மா ஒரு நடை போனாள். மேற்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ அண்ணி, ஒரே இடி, தள்ளு. செல்ஃபிக்காகப் பின்பக்கமாவே நடக்கறாங்க."

இத்தனை நாளும் மேற்சட்டையைப் பார்த்து அவளைக் காவலாளி என்று நினைத்துத்தான் எல்லோரும் ஒழுங்காக நடந்திருக்கிறார்கள்.

3

அவள் தயங்கி...

("நான் எங்க தயங்கினேன்?" என்று முறைத்தாள்.)

சரி, தயங்கவில்லை. மறுநாளே அறிக்கையைத் திரும்பப் பெற்றாள். மேற்சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உண்மையான நெரிசலைக் குறித்துவர மறுபடி ஏறினாள். தோளில் குழந்தையோடு ஒருவர் விளிம்பை நோக்கிப் பின்வாங்கினார். சட்டென்று மேற்சட்டையை மாட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். கூட்டம் அடங்கியது. அன்றைய ஆய்வும் போச்சு. அவள் ஏறிப்போன ஒவ்வொரு நாளும் இதே கதைதான்.

"பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றீங்களா அண்ணி? என்னால முடியாது."

* அடிக்குறிப்பு: "சின்ன வயசுலேருந்தே எதையும் முழுசா முடிக்கமாட்டா" என்றார் அவள் அண்ணன், அதாவது என் கணவர். அன்று அவர் காபியை அவரே போட்டுக்கொண்டார்.

4

அவள் அலுவலக அதிகாரி கேட்டார்: "அப்ப ஆபத்தில்லைன்னீங்க. இப்ப இருக்குங்கறீங்க. ஆதாரம் எங்கம்மா?"

"யாரும் விழல சார். விழ விடல. அதுக்கு நான் எதைக் காட்டறது?"

முடிவு ஒன்று: அதிகாரி எழுந்து கைகூப்பி... (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்து... (எழுதக் கை வரவில்லை.)

அதிகாரி இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையோ நெருங்கிவிட்டது. அவர் நாற்காலியில் நீங்கள்தான் உட்காருங்களேன். எதிரே அவள் நிற்கிறாள். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள், வளைவில் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. அப்புறம் சொல்லுங்கள், வேலி உண்டா இல்லையா?