இரண்டு கைகளையும் காட்டவும்

நாற்காலிகள் வடிவமைத்துவந்த அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போய் எட்டு மாதமாகிவிட்டது. பேனா பிடிக்க முடியாவிட்டாலும் காற்றில் கையசைத்தாவது வரையட்டும் என்று தம்பி கண்ணை முழுக்க மூடி உள்ளே வேறொரு காட்சியைக் காட்டும் விஆர் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டான்.

"ரெண்டு கையையும் காட்டச் சொல்லுதுடா," என்றார் அண்ணன்.

இடது கையை அவரே தூக்கினார். வலது கையைத் தம்பி தூக்கிப் பிடித்தான். அது நழுவி மடியில் விழுந்தது. அண்ணனுக்கு அது தெரியவில்லை.

"கை வந்துடுச்சுடா. உங்க அண்ணியைக் கூப்பிடு."

நீட்டியபடியே இருந்த தம்பியின் கையைக் கண்ணாடியின் கேமரா அவருடையது என்று எடுத்துக்கொண்டு உள்ளே காட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப மடக்குறேன், பாரு."

தம்பி தன் விரல்களை மடக்கினான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த அண்ணி, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அது தம்பியோட கைங்க," என்றாள் மெதுவாக.

தம்பி கையை இறக்கிக்கொண்டான். அண்ணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப என் கை எங்க இருக்கு?"

அண்ணி அருகில் வந்து, மடியில் கிடந்த கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதோ, நான்தான் பிடிச்சிருக்கேன்."

"அப்படியா," என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."