இருபத்து நான்கு படங்களின் நிலை அறிக்கை

கண்காட்சிக்கு முந்தின நாள் பலராமன் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தார். திறந்து வைக்கப்போவது அவர்தான். தட்டாஞ்சாவடியில் மூன்று தொழிற்சாலை. எங்கள் கண்ணாடிப் பேழைகள் அவர் கொடுத்தவை. ஆகவே அவருக்குக் கலை தெரியும் என்று முடிவாகியிருந்தது.

ஐம்பதுகளின் புதுச்சேரிப் பத்திரிகைகளுக்காக வரைந்த அரசியல் கேலிச்சித்திரங்கள், கண்காட்சியில் மொத்தம் இருபத்து நான்கு. ஒன்பதாவது பேழையின் முன் பலராமன் நின்றுவிட்டார். படத்தில் அவருடைய தாத்தா ஆதிமூலம். 1954 அக்டோபர், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போவதற்கு முந்தின மாதம். தையல்காரர் முன் கையை விரித்து நிற்கிறார். கோட்டின் வெளிப்பக்கம் பிரெஞ்சுக் கொடி, உள்பக்கம் இந்தியக் கொடி. கீழே ஒரு வரி: "எதற்கும் இரண்டு பக்கமும் போடுகிற மாதிரி தைத்துவிடு."

"எங்க தாத்தா தியாகி," என்றார் பலராமன். "பென்ஷனே வாங்கினாரு."

"ஊருக்கே தெரியுமே சார்," என்றார் எங்கள் இயக்குநர் கிருஷ்ணசாமி. அவர் குனிவதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். முதுகில் எலும்பு இருப்பதாகத் தெரியவில்லை.

பலராமன் போனதும், பழைய தாள்களைப் பராமரிக்கும் என்னைக் கிருஷ்ணசாமி கூப்பிட்டார்.

"நீ பாட்டனியா?"

"கெமிஸ்ட்ரி சார்."

"ஏதோ ஒண்ணு. இந்தத் தாத்தா படத்துப் பேப்பர் பொடிஞ்சிடும், வெளிய வெக்கக் கூடாதுன்னு எழுதிக் குடு. இத மட்டும் எடுத்தா பத்திரிகைக்காரன் கேப்பான். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணோம், வீக்கானத எடுத்துட்டோம்னு இருக்கட்டும்."

எனக்கு ஆள் முன்னால் பேச வராது. தலையாட்டினேன். என் வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அதை நீட்டிப்பவர் அவர்தான்.

சொன்னபடியே எல்லாவற்றையும் சோதித்தேன். இருபத்து மூன்று, பத்திரிகையிலிருந்து வெட்டியவை. மலிவான மரக்கூழ்த் தாள். அமிலம் தின்று, தொட்டால் ஓரம் உதிர்ந்தது. ஒன்பதாவது மட்டும் ஓவியர் கையால் வரைந்த மூலப்படம். பருத்தி நார்த் தாள். எழுபது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. அப்படியே எழுதினேன்: இருபத்து மூன்றை அகற்ற வேண்டும், ஒன்பதாவது உறுதியாக உள்ளது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

கிருஷ்ணசாமி எதையும் படிப்பதில்லை, பக்கங்களை எண்ணுவார். நான்கு பக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட்டு உதவியாளர் அங்கம்மாளிடம் நீட்டினார்.

"இதுல இருக்கறபடி எடுத்துடு." சால்வை வாங்கக் கிளம்பிவிட்டார்.

அங்கம்மாள் அக்கா படித்தார். "ஏம்மா, இருபத்து மூணா? கையெழுத்து அவருதுதானே?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்கென்ன வந்துச்சு."

மறுநாள் பத்து மணிக்கு கிருஷ்ணசாமி பலராமனின் காரிலேயே வந்து இறங்கினார். ரிப்பன் வெட்டினார்கள். உள்ளே இருபத்து மூன்று பேழைகள் காலி. ஒன்றில் ஆதிமூலம்.

கிருஷ்ணசாமியின் வாய் திறந்தபடி நின்றது. என்னைத் தேடினார். நான் குனியவில்லை.

அதற்குள் பலராமனின் ஆள் ஒருவன் கத்தினான். "அண்ணே! தாத்தா படம் மட்டுந்தாண்ணே வெச்சிருக்காங்க! தனி மரியாதைண்ணே!" கைதட்டினான். கூட வந்தவர்களும் தட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் கிட்டே போய்க் கீழே இருந்த வரியைப் படித்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள், இன்னும் பலமாக.

கேமராக்கள் திரும்பின. பலராமனும் தட்டினார்.