கிழக்கு மூலைப் பாறை

மகள் கவியா அனுப்பிய வீடியோவை முத்தையன் கொத்தனார் நாலாவது தடவையாகப் பார்த்தார். ஜன்னல் மூலையில் தொடங்கிய விரிசல் சுவரில் சாய்வாக இறங்கித் தரைவரை போயிருந்தது. அவள் சுண்டுவிரலை வைத்துக் காட்டினாள். விரல் உள்ளே போனது. வெளியே வரிச்சிக்குடியில் மூன்று நாளாக அடைமழை. பெரம்பலூர்ப் பக்கம் மகள் வீட்டிலும் அதே மழைதான்.

வரிச்சிக்குடியில் அஸ்திவாரம் என்றாலே களிமண்ணோடு மல்லுக்கட்டுவதுதான். முப்பது வருஷமாக அவர் தோண்டிய குழியிலெல்லாம் தண்ணீர் ஊறும். மணலைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், போன வருஷம் சித்திரை வெயிலில் மாப்பிள்ளை செம்பியன் வீட்டுக்குக் குழி தோண்டும்போது, நாலடியில் கடப்பாறை ணங்கென்று எகிறியதும் பூரித்துப்போனார். கிழக்கு மூலையில் இருப்பது மக்கிய பாறை, இன்னும் மூன்றடி தோண்ட வேண்டும் என்றார் எஞ்சினியர்.

"பாறை எங்கயாச்சும் மக்குமா சார்? எங்கூர்ல இதுக்குத் தவங்கெடக்கோம்" என்று சிரித்தவர் இவர்தான். மாமனார் பேச்சைத் தட்டவேண்டாமென்று செம்பியனும் தோண்டுவதை நாலடியோடு நிறுத்திவிட்டான். போதாக்குறைக்கு அந்த மூலையிலிருந்து ஒரு கட்டியைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவனிடமெல்லாம் பெருமையடித்தார். பாழாய்ப்போன வாய்!

போன் அடித்தது.

"அப்பா, எஞ்சினியர் வந்து பாத்தாருப்பா. கெழக்கு மூலை மட்டும் எறங்குதாம். ஆவணியில மாடி போட்டோம்ல, அந்தப் பாரம் தாங்கலையாம். தண்ணி வேற எறங்கிப் பொதபொதன்னு ஆயிருச்சாம்."

"மாப்ள என்னம்மா சொல்றாரு?"

"அவரு கெழக்குச் செவுத்துக்கு முட்டுக் குடுத்துட்டிருக்காருப்பா."

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"புள்ளைய உள்ள படுக்கப் போடலாமாப்பா? நீங்க சொன்னா சரி."

இன்னமுமா! "இரும்மா" என்று போனைக் காதில் வைத்தபடியே கொல்லைக்குப் போனார். காலையில் வீடியோ வந்ததுமே அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பார்வைக்கு அதே பாறைதான், முனைகூட மழுங்கவில்லை. வலது காலை அதன்மேல் வைத்தார். தாங்கியது. கடவுளே என்று மறுகாலையும் தரையிலிருந்து எடுத்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

குதிகாலுக்கடியில் அது மெல்ல அமுங்கியது. விரலிடுக்குகளில் மஞ்சள் சேறு பிதுங்கி வந்தது.