இரண்டு முறை கொதித்த தண்ணீர்

வெர்னா கில்கிறிஸ்ட் ஜனவரியில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கள் சாலையில் இருக்கும் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. உள்ளே வரவில்லை. பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியில் தட்டிக்கொண்டே பேசினார்.

“தண்ணி டெஸ்ட் பண்ற ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கற பொண்ணு நீதானே? மாசத்துல ரெண்டாவது செவ்வாய், ஒன்றரை மணி, ஹால்ல. ஏதாவது இனிப்பு செஞ்சு எடுத்துட்டு வா.”

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்வதற்குக் கூடுதல் வார்த்தைகள் தேவைப்பட்டிருக்கும். தவிர, இந்தச் சாலைக்குக் குடிவந்து பதினான்கு மாதங்கள் ஆகியும், என் கணவரின் உறவினர்களை விட்டால், என் பெயர் தெரிந்தவர் தபால் கொண்டுவருபவர் மட்டும்தான்.

சங்கத்தில் பதினொரு பேர். நான் பன்னிரண்டாவது. கூட்டம் பெயர் அழைப்போடு தொடங்கும். அந்தந்த மாதத்துக்கு ஒரு கேள்வி ஆண்டுக் கையேட்டில் அச்சாகியிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஒருவர் சொன்ன பதிலைப் பற்றி இன்னொருவர் எதுவும் பேசக் கூடாது. என்னைப் போல வாய் திறக்காதவர்களுக்காகவே அந்த விதி என்று வெர்னா சொன்னார். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

மார்ச் மாதக் கேள்வி: உங்கள் அம்மா செய்யாத, நீங்கள் செய்கிற ஒரு வீட்டு வேலை. நான் பதிலை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். காய்கறிக் கழிவை உரமாக்குகிறேன். மூன்று வார்த்தைகள்.

எனக்கு முந்திய பெயர் டார்சி டோல்டன். என் வயதுதான் இருக்கும். இரண்டு மாதக் குழந்தை எமெட், அவள் காலடியில் கார் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். டார்சி எழுந்து நின்றாள்.

“எங்கம்மா எங்களுக்குக் குழாய்த் தண்ணியிலயே பால்பவுடரைக் கலக்கிக் குடுத்துடுவாங்க. நான் அப்படி இல்ல. இருபது நிமிஷம் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, திரும்பவும் இருபது நிமிஷம் கொதிக்க வைப்பேன். இத்தனைக்கும் கிணத்துத் தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். சைபர், சைபர்னு வந்துது. அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்.”

பேசக் கூடாது என்ற விதியை மீறாமலே மேசையைச் சுற்றிப் பாராட்டும் முனகல் எழுந்தது. டார்சி வெட்கத்தில் முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

அரசு இலவசமாகத் தரும் அந்தச் சோதனை கிருமிகளை மட்டுமே பார்க்கும். நைட்ரேட்டைப் பார்க்காது. எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் மண்ணுக்குள் இறங்கி, ஆழமில்லாத தோண்டு கிணறுகளில் ஊறும் உப்பு அது. அதற்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சிய தண்ணீரில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் அது கலந்தால், அந்த இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் வாங்குவதே இதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான்.

“ஹெய்டி வான்டர்மீர்” என்றார் வெர்னா.

எழுந்து, உரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்தபின் சமையலறையில் பாத்திரம் துடைக்கப் போனேன். உண்மையான பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். சங்கத்து ஆர்டித், தொட்டியில் கைவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல், வாய் ஓயாது.

“ஏம்மா ஹெய்டி, உன் எலுமிச்சைப் பலகாரத்துக்கு என்ன பூச்சு போட்ட, சிமென்ட்டா? என் பல்லு அதுலயே நிக்குது, போய்த் தேடிப் பாரு.”

டார்சி கோட்டைப் போட்டுக்கொண்டு கார் இருக்கையைத் தூக்கினாள். நான் துண்டும் கையுமாகப் பக்கத்தில் போனேன்.

“உங்க கிணறு துளை போட்டதா, தோண்டினதா?”

“தோண்டினது. என் புருஷன் கோரியோட கொள்ளுத்தாத்தா தோண்டினது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால. ஏன்?”

“பாருங்கடி, ஆரம்பிச்சுட்டா! அடுத்த மாசம் நம்ம டீயை டெஸ்ட் பண்ணப் போறா” என்றார் ஆர்டித்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டார்சி எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

என்னிடம் அந்தக் கிணற்று நீரின் சோதனை எண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் எண் இல்லாமல் யாரும் எதையும் சொல்வதில்லை. புதன்கிழமை இடைவேளையில் சங்கக் கையேட்டைத் திறந்து டார்சியின் தொலைபேசி எண்ணைப் பார்த்தேன். ஏழு இலக்கங்களில் ஐந்தை அழுத்திவிட்டு வைத்தேன். அவள் பெருமையாகச் சொன்ன ஒரே காரியத்தை நான் தப்பு என்று சொல்ல வேண்டும். அதற்கு வாக்கியம் கிடைக்கவில்லை.

வியாழன் மதியம் ஒரு மாதிரிப் புட்டியும் சோதனைத் தாள்களும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எதிரே வயலில் பனி உருகி, கொட்டகையைச் சுற்றிப் பழுப்பு நீர் தேங்கியிருந்தது.

டார்சி சந்தோஷமாகக் கதவைத் திறந்தாள். “அட, வா வா. வீடு கிடக்கற கோலத்தைப் பார்க்காத. எமெட் இப்பல்லாம் ரொம்ப நல்ல பிள்ளை. அழறதே இல்ல. எந்நேரமும் தூக்கம்தான்.”

தொட்டிலைப் பார்த்தேன். அவன் உதடுகள் பென்சில் முனையின் நிறத்தில் இருந்தன. விரலை எடுத்துப் பார்த்தேன். நகங்களும் அப்படியே.

“வீடு குளிருதுல்ல” என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அடுப்பின் மேல் கொதித்து ஆறிய தண்ணீர் மூடி வைக்கப்பட்டிருந்தது. தாளை முக்கினேன். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் அது அளவுகாட்டும் நிற அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிச் சிவந்தது.

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு. இப்பவே!”

அந்த வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“என்ன சொல்ற? அது கொதிச்ச தண்ணி.”

“கொதிக்கறதாலதான். வண்டியில சொல்றேன், கிளம்பு.”

நான் ஓட்டினேன். அவள் பின்னால் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தைந்து நிமிடப் பயணம். அவசரப் பிரிவில் டாக்டரிடம் முதல் வார்த்தையாக நைட்ரேட் என்றேன். மற்றதை அவர் புரிந்துகொண்டார். எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. ஒரு நீல மருந்தை மெல்ல மெல்ல நரம்பில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து எமெட் அழுதான். ஒரு குழந்தை அவ்வளவு கோபமாக அழுது நான் கேட்டதில்லை. உதடுகள் சிவப்பாகியிருந்தன.

டார்சி தாழ்வாரத்துக்கு வந்து என் எதிரே நின்றாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை.”

“நான் சொன்னப்பவா? மேஜையிலயா?”

“ஆமா.”

“அடுத்து உன் பேர்தான் கூப்பிட்டாங்க.”

தலையாட்டினேன்.

“நீ எழுந்து காய்கறித் தோலைப் பத்திப் பேசின.”

டார்சி விரலை மடக்கி எண்ணினாள்.

“இன்னைக்கு வியாழன். நடுவுல எத்தனை பாட்டில் குடுத்தேன் தெரியுமா?”

கோரி ஓட்டமாக வந்தான். அவள் அவனோடு உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

கிளம்பும் அவசரத்திலும் அவள் வீட்டுக் குழாயில் என் புட்டியை நிரப்பியிருந்தேன்; மறுநாள் அந்தக் கிணற்று நீரின் எண் வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். இது முப்பத்தெட்டு. கொதிக்க வைப்பதற்கு முன்னால். அதை டார்சி வீட்டுத் தொலைபேசியில் செய்தியாகப் பதிவு செய்துவிட்டு, சங்கத்திலிருந்து விலகுவதாக வெர்னாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். முடிப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

“புதுக் கிணறு போடற வரைக்கும் டோல்டன் வீட்டுக்கு டவுன் தண்ணி போகணும். ஒரு நாளைக்கு ரெண்டு கேன். உனக்கு வியாழக்கிழமை போட்டிருக்கேன்.”

“நடந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“சாலைக்கே தெரியும்.”

“டார்சி என் மூஞ்சியப் பார்க்க விரும்ப மாட்டா.”

“உன் மூஞ்சிய யாரு கேட்டா? தண்ணி கேட்டிருக்காங்க.”

“நான் விலகலாம்னு இருக்கேன், வெர்னா.”

“ஃபோன்ல எல்லாம் விலக முடியாது. கூட்டத்துல தீர்மானம் வெச்சு, ஒருத்தர் வழிமொழியணும். அது ஏப்ரல்ல.” பிறகு வேறு குரலில் சொன்னார்: “நானும்தான் நாலு பிள்ளைக்கும் கொதிக்க வெச்சுக் குடுத்தேன். அந்தப் பொண்ணு சொன்னப்ப எல்லாருக்கும் முன்னால தலையாட்டினவ நான். நீ ரெண்டு நாள் லேட்டு. நாங்க ஐம்பது வருஷம் லேட்டு. அதுக்காக உன்னுது சரின்னு சொல்லலை.”

அப்படிச் சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் வியாழன் டார்சி கதவைத் திறந்து, கேன்களை வாங்கி, கதவை மூடினாள். இரண்டாவது வியாழன் கோரி வாங்கிக்கொண்டான். இடையில் ஆர்டித் என் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்து ஒரு ஊறுகாய் ஜாடியை நீட்டினார். உள்ளே அவர் வீட்டுத் தண்ணீர்.

“இந்த ஜாடியில எடுக்கக் கூடாது ஆர்டித். வினிகர் வாசனை வருது.”

“கழுவினேனே!”

“எதுல கழுவினீங்க?”

அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, சொல்லிக் குடு. எங்க எல்லாருக்கும் சொல்லு.”

ஏப்ரல் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் நின்று, தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி என்று சொன்னேன். டார்சியின் நாற்காலி காலியாக இருந்தது. என் விலகல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பின்னர் எல்லோரும் எடுத்துத் தந்த மாதிரிகளில், சாலையில் மூன்று கிணறுகள் மோசம் என்று முடிவு வந்தது. ஒன்று ஆர்டித்துடையது. அவர் அன்று ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

ஆறாவது வியாழன் கேன்களைப் படியில் வைத்துத் தட்டினேன். டார்சி கோட்டோடு வந்தாள். எமெட்டும் கார் இருக்கையில் தயாராக இருந்தான். கொழுத்திருந்தான். என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“எனக்கு இன்னும் கோபம் போகலை” என்றாள்.

“தெரியும்.”

“போகுமான்னும் தெரியலை. அது வேற. சாலைக் கோடியில கேலினு ஒரு பொண்ணு இருக்கா. நம்ம சங்கம் இல்ல. போன ஞாயிறு அவளுக்குப் பிரசவமாச்சு. நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டா.” கழுத்துக் குட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். “பிப்ரவரியில அவளைக் கூப்பிட்டு வெச்சு, எப்படிக் கொதிக்க வைக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு தடவைனு. இப்பதான் ஞாபகம் வந்துது. ஃபோன் எடுக்க மாட்டேங்கறா.”

“அவங்க கிணறு தோண்டினதா?”

“தெரியாது. நீ வா. நான் சொன்னா அழுதுடுவேன்.”

கேன்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். இரண்டு கிலோமீட்டர் தூரம். கேலியின் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. படியேறும்போது என்ன சொல்வது, எதில் தொடங்குவது என்று வழக்கம்போல மனம் வாக்கியம் அடுக்க ஆரம்பித்தது. அடுக்க விடாமல் கதவைத் தட்டினேன்.

கலைந்த தலையோடு ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். தோளில் துணி, கையில் காலிப் புட்டி.

“உங்க குழந்தைக்குக் கிணத்துத் தண்ணி குடுக்காதீங்க” என்றேன். “கொதிக்க வெச்சும் குடுக்காதீங்க. நல்ல தண்ணி வண்டியில இருக்கு.”

“நீங்க யாரு?” என்றாள் அவள், பயந்து போய்.

பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. டார்சி எனக்குப் பின்னால் இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“இவ ஹெய்டி. வழி விடு கேலி, கை வலிக்குது. அடுப்புல வெச்சிருக்கறதைக் கீழ ஊத்து.”