தப்பாகப் பேசிய மத்தியானங்கள்

என் கனவுல மட்டும் எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாய் ஓயாது. கடல் தெரியுற சன்னல்ல உக்காந்துக்கிட்டு என்னென்னமோ சொல்லுவாக. முழிச்சுப் பாத்தா, கோணின வாயோட மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பாக. பக்கவாதம் வந்து நாலு மாசம். ஒரு சொல்லு இல்ல.

பேச்சுப் பழக்குறதுக்கு ஆரோக்கியம்மாள்னு ஒரு நர்சு, புதன்கிழமை புதன்கிழமை திருமயத்துலேருந்து பஸ்ஸுல வரும். "ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் ஆச்சி, அப்பறம் கஷ்டம்"னு அது சொன்னதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

பக்கத்துத் தெரு அழகிக்கும் அதுதான் பழக்குச்சு. அஞ்சு வயசாகியும் பேச்சு வராத புள்ள. "மா" சொன்னா ஒரு மிட்டாய். மூணே வாரத்துல மா, மாடு, மாமான்னு தெருவே அதிருது. அதே மிட்டாய இவுககிட்ட நீட்டினா? சப்பான்காரன் சண்டையெல்லாம் பாத்து, பன்னெண்டு வருஷம் பினாங்குல கடை நடத்தின மனுசன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. எனக்கே வெக்கமாப் போச்சு.

ஒரு மத்தியானம். வீட்டு முத்தத்துல வெயிலு தண்ணியா மினுங்குது. தூக்கக் கலக்கத்துல நர்சுகிட்ட, "நார்த்தாமலைத் திருவிழா ஆடியிலதானே"ன்னு ஒளறிட்டேன்.

"த...ப்பு."

கட்டில்லேருந்துதான்! "பங்...குனி."

கல்யாணம் ஆனதுலேருந்து நான் வாயத் தொறந்தா அவுக சொல்ற சொல்லு அந்தத் "தப்பு". எம்புட்டுச் சண்டை போட்டிருப்பேன் அதுக்காக! அன்னைக்குக் கேட்டுட்டு ஓன்னு அழுதேன். "இதுதான் அவுகளுக்கு மிட்டாய். நல்லாத் தப்பாப் பேசுங்க ஆச்சி"ன்னு நர்சு சிரிச்சுச்சு.

பேசினேன். கப்பலேறுனது தூத்துக்குடியின்னேன். "தப்பு. நாகப்பட்டணம்." மூத்தவன் பொறந்தது வெள்ளிக்கிழமைன்னேன். "தப்பு. திங்கள்." அவன் பொறந்தப்ப இவுக ஊர்லயே இல்ல.

அப்பறம் ஒருநாள் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. வீடே தண்ணிக்கு அடியில கெடக்குற மாதிரி இருந்துச்சு. எங்கிட்டப் பொய்யெல்லாம் தீந்துபோச்சு. மனசுல கெடந்தது வாய்க்கு வந்துருச்சு.

"பன்னெண்டு வருஷம் அங்கிட்டு இருந்தீகளே, ஒருநாளாச்சும் என்னைய நெனச்சிருக்க மாட்டீக."

இது பேச்சுப் பழக்குறதுக்குச் சொன்னதில்ல. நெசமுன்னே நம்பிக்கிட்டிருந்தேன்.

முத்தத்துல மழை விழுந்துக்கிட்டிருந்துச்சு. அவுக ஒதடு அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துச்சு.

"தப்பு."

கட்டில் பக்கம் குனிஞ்சேன்.

"தெ...னம்."

அட பாவி மனுசா! இத அன்னைக்கே ஒரு கடுதாசியில எழுதிப்போட ஒங்களுக்கு என்ன கேடு வந்துச்சு!