போட்டதும் நட

காளீஸ்வரிக்கு முட்டிச்சில்லு முதன்முதலில் விலகியது பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில். கரிசல் வெடிப்பில் கால் சிக்கி முழங்கால் திருகிக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த, அவளைப் பெற்ற அய்யா சின்னக்கருப்பன், காலை மெல்ல நீட்டி, வெளிப்பக்கம் ஒதுங்கிக் கிடந்த சில்லைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். ஆட்டுக்குப் பிசகினால் போட்டுப் பழகிய கை. போட்டதும், "எந்திரி, நட," என்றார். ஆடு மேய்ப்பவர்களின் வழக்கம் அது. படுக்கவிட்ட ஆடு எழாது. மந்தை அதற்காக நிற்காது.

அதன்பின் சில்லு அடிக்கடி விலகியது. அவர் போடுவார், அவள் எழுந்து ஓடுவாள். வீங்கினால் கோவில்பட்டிக்குப் போய் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்பார்கள் ஆஸ்பத்திரியில். அதை நம்பி மறுநாளே ஓடப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து நான்கில் அவள் போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்த மாதம் தூத்துக்குடியில் ஓட்டமும் நீளம் தாண்டுதலும். படி இறங்கினாலே முட்டிக்குள் மணல் அரைபடுவது போலிருக்கவே, திருநெல்வேலிக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் பூவனலிங்கம் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். அது மேல இருக்கிற குருத்தெலும்பு இதுலதான் தெரியும். சில்லுக்கு அடியில வழுவழுன்னு சீரா இருக்கணும். இங்க பாருங்க, எலும்பு மூடாம வெளிய நிக்குது. பேர்ந்து வந்த துண்டு ஒண்ணு மூட்டுக்குள்ள கெடக்கு."

"திரும்ப வளராதா சார்?" என்றாள் காளீஸ்வரி.

"பழையபடி வளராதும்மா. ஆபரேஷன் பண்ணி, சில்லு விலகாம இழுத்துக் கட்டலாம். துண்டை எடுத்துரலாம். ஆனா ஓட்டத்தை விட்டுரணும்." அவர் சின்னக்கருப்பன் பக்கம் திரும்பினார். "விலகுனப்பல்லாம் யாரு போட்டா?"

"நாந்தான் சார்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஒரு நொடி வேல. ஒடனே ஓட விட்டுருவேன்."

டாக்டர் படத்தைக் கழற்றி உறையில் போட்டார்.

"போட்டது கூட போகட்டும். அப்புறம் வாரக்கணக்குல ஓடாம வச்சிருக்கணும். விலகுன ஒவ்வொரு தடவையும் குருத்தைச் செதுக்கிட்டுப் போயிருக்கு."

ஊருக்குத் திரும்பும் பஸ் கயத்தாறு தாண்டியது.

"ஆடுன்னா இந்நேரம் என்னய வித்திருப்பீய," என்றாள் காளீஸ்வரி.

"வாய மூடுட்டி."

"நான் ஓடத்தான் போறேன்."

"டாக்டர் சொன்னதக் கேட்டேல்ல?"

"நீங்க சொன்னதையுந்தான் இத்தன வருசம் கேட்டேன்."

கோவில்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, கடைசிப் படியில் சில்லு விலகியது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள்.

"வழியில உக்காராத தாயி," என்றார் கண்டக்டர்.

சின்னக்கருப்பன் அவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார். காலை நீட்டி, கட்டைவிரலை வைத்துச் சில்லைத் தள்ளினார். உள்ளே ஏதோ நெரிந்தது. இதுவரை அவர் அந்தச் சத்தத்தைக் கவனித்ததில்லை.

அவள் பழக்கத்தில் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத. உக்காரு," என்றார்.

"எம்புட்டு நேரம்?"

அவர் அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் ஏற வேண்டிய நாகலாபுரம் பஸ் வந்து ஆளேற்றிக்கொண்டு கிளம்பியது.

"அடுத்த மாசம் வரைக்கும் உக்காந்திருந்தா ஓடிரலாமாய்யா?"

அவர் அவள் முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.