கிருஷிகாவின் கக்கூஸ் கொப்பி

தேவன்பிட்டிக் கடலில் முங்கிக் கடலட்டை பிடிக்கும் லோறன்ஸுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். அந்த லோறன்ஸுக்கு அன்று மன்னார் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருக்க வேர்த்து ஊற்றியது. மடியில் ஐந்து வயது மகள் கிருஷிகா. உள்ளே இருப்பதோ ஒரு பெண் டொக்டர். மகளின் பின்பக்கத்து விஷயத்தை அவரிடம் எந்த வாயால் சொல்வது? மனைவி பிரான்சிஸ்கா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான். இல்லாவிட்டால் அவளே வந்திருப்பாள்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருடம். கடைசி நாலு மாதமாகக் கிருஷிகாவின் வயிறு மேளம் மாதிரி ஊதிக் கிடந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். உடுப்பு அடிக்கடி நனைந்தது. பள்ளிக்கூடத்து ரீச்சர் மூன்று தரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஊர் முழுக்க வைத்தியம் சொன்னது: மாதுளங்கோது அவித்த தண்ணீர், கடுஞ்சாயத் தேத்தண்ணி. எதற்கும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. கடைசியில்தான், குழந்தைகளின் குடல், ஈரல், சத்துக் குறைவு பார்க்க மாதம் ஒருநாள் கொழும்பிலிருந்து வரும் விசேட வைத்தியரிடம் காட்டச் சொல்லி ஊர் ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

டொக்டர் சிவதர்சினி கிருஷிகாவைக் கட்டிலில் கிடத்தி, வயிற்றை மெல்ல அமத்திப் பார்த்தார்.

"ஈரல் நல்லாயிருக்கு. பிள்ளைக்கு என்ன செய்யுது?"

லோறன்ஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வயித்தாலை போகுது, டொக்டர்" என்றான்.

"கடைசியா எப்ப ஒழுங்காப் போனவ?"

லோறன்ஸ் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். டொக்டர் ஒரு படத்தாளை நீட்டினார். அதில் ஏழு விதமான மலத்தின் படம். "இதிலை எது மாதிரி?"

லோறன்ஸ் உற்றுப் பார்த்தான். நாலாவது படத்தில் கண் நின்றுவிட்டது. "இது கடலட்டை, டொக்டர். வெள்ளை அட்டை. நல்ல சைஸ்."

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கிருஷிகாவின் பக்கம் குனிந்தார். "ஏன் பிள்ளை, கக்கூசுக்குப் போறேல்லையா?"

"அதுக்குள்ள ஒராள் இருக்கிறார்" என்றாள் கிருஷிகா இரகசியமாக. "நான் 'ஆ' எண்டால் அவரும் 'ஆ' எண்டுறார்."

வீட்டுக்குப் பின்னால் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்த புத்தம்புதுக் கக்கூஸ் அது. நாலு சுவர், கொங்கிறீற் கூரை, கதைத்தால் எதிரொலிக்கும். லோறன்ஸுக்கு இப்போதுதான் விளங்கியது.

"பயத்திலை அடக்கி அடக்கி, உள்ளுக்குள்ள கல்லா இறுகிக் கிடக்கு" என்றார் டொக்டர். "புதுசு அதைச் சுத்திக்கொண்டு தண்ணியாக் கசியுது. இது வயித்தோட்டமில்லை, மலச்சிக்கல். நீங்கள் வயித்தைக் கட்டுற மருந்தெல்லோ குடுத்திருக்கிறியள்!"

இனிப்புப் பாணி மருந்தும் சட்டமும் கிடைத்தன. காலையில் சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் இருத்த வேண்டும். கால் நிலத்தில் பதிய வேண்டும். ஏசக்கூடாது. போவதை ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும்.

லோறன்ஸ் வள்ளத்துக்கு மிஞ்சிய பலகையில் நடுவில் ஓட்டை போட்ட குட்டி இருக்கை ஒன்று செய்து, நீல வர்ணம் அடித்தான். கிருஷிகாவும் ஒரு சட்டம் போட்டாள்: "நீங்கள் வெளியிலை நிண்டு பாடவேணும். அப்பதான் அந்த ஆளின்ரை சத்தம் கேக்காது."

லோறன்ஸுக்குத் தெரிந்தது கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா மட்டும்தான்.

"ஏலேலோ... இழுத்து விடு! ஏலேலோ... இன்னும் கொஞ்சம்!"

நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டுச் செபமாலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எங்கை வலை? என்னை விட்டிட்டு இழுக்கிறியளோ?"

"உள்ளுக்கு!" என்று கதவைக் காட்டினான் லோறன்ஸ்.

விஷயம் தெரிந்ததும் செபமாலையும் கூடச் சேர்ந்து பாடினார். இரண்டு ஆம்பிளைகள் கக்கூஸ் வாசலில் நின்று தொண்டை கிழியப் பாட, கைப்பிள்ளையோடு பிரான்சிஸ்கா குசினி வாசலில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"அப்பா! வந்திட்டுது!"

லோறன்ஸ் எட்டிப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் எந்த மீனையும் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் டொக்டர் கொப்பியைப் பிரித்தார். "திங்கள்: ஆட்டுப் புழுக்கை. புதன்: மட்டிச் சிப்பி. ஞாயிறு, பூசைக்கு முன்: அட்டை, முதற்தரம்." அவர் படித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கிருஷிகாவின் நிறை ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது. "உடனே நிப்பாட்டாதேங்கோ. குடல் பழைய நிலைக்கு வர இன்னும் கன மாதம் மருந்து குடுக்கவேணும்" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும் பஸ் விடத்தல்தீவை நெருங்கும்போது கிருஷிகா எழுந்து நின்றாள். "அப்பா, வருது!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாரதி நிறுத்தினார். அண்மையில் மீளக் குடியேறியிருந்த உம்மு ஸல்மா என்ற பெண் தன் வீட்டு வேலியோரம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றார். லோறன்ஸ் விஷயத்தைச் சொன்னதும், "வாங்கோ மகள், கக்கூஸ் அங்காலதான்" என்று வழிகாட்டினார்.

லோறன்ஸ் கதவடியில் நின்று தொண்டையைச் செருமினான்.

"பாட வேண்டாம்" என்றாள் கிருஷிகா. "நீங்கள் பஸ்ஸைப் பிடிச்சு வைச்சிருங்கோ."

அவன் போய் பஸ்ஸின் மிதிபலகையில் நின்றான். சாரதி ஹோர்னைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கிருஷிகா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி ஓடி வந்து, யன்னலோர ஆசனத்தில் ஏறியிருந்து, "இனிப் போகலாம்" என்றாள்.